கிளெமென்ட்டின் வலது கை குறித்து வாரியம் கொண்ட முடிவு

உழைப்போர் இயலாமைக் காப்பீட்டு வாரியத்தைப் பற்றி வெளியில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் அதன் கட்டடத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். முகப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கை செய்து வைத்திருக்கிறார்கள். வலது கை. விரல்கள் விரிந்து, பயப்படாதே என்று சொல்கிற பாவனையில் நிற்கும். வருஷா வருஷம் அதற்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பறவை எச்சம் போட்டால் அன்றைக்கே ஆள் ஏறித் துடைக்கிறான். பெங்களூரில் வேறு யாருடைய கையையும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்வதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கைக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கதவு. ஏசிக் குளிர் வீணாகாமல் இருக்க முறுக்கான ஸ்பிரிங் வைத்த கதவு. ஒரு கையால் இழுத்து, மறு கையால் தாங்கிப் பிடித்து, அது முதுகில் அறைவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். வாட்ச்மேன் உள்பக்கம் உட்கார்ந்து, உள்ளே வந்தவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்வார். திறக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அதனால்தான் ‘நமது அலுவலகத்துக்கு வந்து போவதில் எவருக்கும் சிரமம் இல்லை’ என்று வாரியம் தன் ஆண்டறிக்கையில் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுத முடிகிறது.

கிளெமென்ட் பிரேசர் டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் குடியிருப்பவர். ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த கம்பெனியிலேயே கடைசிவரை இருந்தவர். மாதா மாதம் சம்பளத்தில் வாரியத்துக்கென்று ஒரு பிடித்தம் போகும். அது எதற்கு என்று அவர் யாரையும் கேட்டதில்லை. மாதா புண்ணியத்தில் கேட்கிற தேவையும் வரவில்லை.

தொம்மலூரில் ஒரு ஆபீஸ் மாடியில் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது ஏணி வழுக்கியது. விழுகிற வேகத்தில் கழுத்தும் வலது தோளும் கைப்பிடிச் சுவரில் மோதின. எலும்பு முறியவில்லை. கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கை அன்றோடு தூங்கிவிட்டது. தோளிலிருந்து சும்மா தொங்கும். கிள்ளினால் தெரியாது. பஸ் திரும்பினால் அதுவும் ஆடிப்போய்ப் பக்கத்தில் நிற்கிறவரை இடிக்கும்.

டாக்டர் ரூபினி ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்பு அறுந்திருக்கு. வேற நரம்பு எடுத்து ஒட்டலாம். முழுசா பழையபடி வராது. ஆனா முழங்கை மடங்கும், கையைத் தூக்கலாம். ஒண்ணே ஒண்ணு, ஆறு மாசத்துக்குள்ள பண்ணியாகணும். அப்புறம் தசை காஞ்சிடும். பண்ணியும் பிரயோஜனம் இல்ல.”

“நெத்தி வரைக்கும் வருமா டாக்டர்?” என்று கேட்டார் கிளெமென்ட்.

“முயற்சி பண்ணா வரலாம். ஏன், தலை சீவவா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜோசஃபினுக்கு மட்டும் காரணம் தெரியும். அடிபட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டபோது இவர் கை மடியிலேயே கிடந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் இரண்டு தோளுக்கும் கொண்டுபோய், திரும்ப மடியில் வைத்தார். “இடது கையாலயே போடுங்களேன், சாமி கோச்சுக்குமா?” என்று ஜோசஃபின் கேட்டதற்கு, “பிதா சுதன்னு சொல்லும்போது இடது கையா?” என்று திருப்பிக் கேட்டார். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷனிடம் அதைப் பற்றி என்ன வாதாடுவது?

“செலவு லட்சக்கணக்குல வரும். ஆனா உங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, பயப்படாதீங்க,” என்றார் டாக்டர் ரூபினி. நல்ல பெண். வாரியத்துக்கு அவர் போனதில்லை.

போகிற அன்று காலையில் ஜோசஃபின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பெரிய ஆபீசுக்குப் போவதென்றால் பூசைக்குப் போவது போலத்தான் போக வேண்டும் என்பது அந்தச் சந்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். பட்டன்களைப் போட்டுவிட்டாள், தலை சீவிவிட்டாள், ஷூ லேசைக் கட்டிவிட்டாள். பஸ்ஸில் கை ஆடாமல் இருக்க அதை எடுத்து அவருடைய பேண்ட் பாக்கெட்டுக்குள் வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கண்ணாடிக் கதவையும் அவளே இழுத்துப் பிடித்தாள்.

கவுண்டரில் மஞ்சுநாத் என்கிற குமாஸ்தா இருந்தார். மரியாதையான மனிதர்.

“யாருக்கு சார் டிஸெபிலிட்டி?”

“எனக்குத்தான்.”

மஞ்சுநாத் கவுண்டருக்கு வெளியே எட்டி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். “எல்லி? எங்க சார்?”

“வலது கை.”

“இருக்கே!”

“இருக்கு சார். வேலை செய்யாது.”

மஞ்சுநாத் கவலையோடு தலையைச் சொறிந்தார். “கை போயிருந்தா ஒரு ஃபாரம் இருக்கு சார். விரல் போயிருந்தா ஒண்ணு இருக்கு. எத்தனை விரல்னு எழுதணும். கை இருந்து வேலை செய்யலைன்னா... ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க, சாரைக் கேக்கறேன்.”

அந்த சார்தான் இயலாமை மதிப்பீட்டு அதிகாரி கோதண்டராமன். வாரியத்தின் தூண்களில் ஒருவர் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் கிளெமென்ட்டை உட்காரச் சொல்லவில்லை. நிற்க முடிகிறதா என்று பார்ப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி.

“மிஸ்டர் கிளெமென்ட், இயலாமைங்கறது ஒரு உரிமை. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா அதுக்கு மதிப்பு இருக்காது. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்புறம் நம்ம மண்டலத்துல இயலாமை பாதியா குறைஞ்சிருக்கு. எந்த டாக்டராலயும் இதைச் சாதிக்க முடியல.”

கிளெமென்ட் மரியாதைக்காகத் தலையாட்டினார். கோதண்டராமன் எழுதினார். அவர் எழுதியதை மஞ்சுநாத் பிறகு ஜோசஃபினுக்குப் படித்துக் காட்டினார்: ‘மனுதாரர் தூய வெள்ளாடையில், பட்டன்கள் முறையாக இடப்பட்டு, காலணி வாரை இறுக்கிக் கட்டி வந்திருந்தார். அதிகாரியின் முன்னிலையில் வலது கையைப் பாக்கெட்டில் விட்டவாறு ஓய்வாக நின்றார். வேதனை தென்படவில்லை.’

“பட்டன் நான் போட்டுவிட்டது சார்,” என்றாள் ஜோசஃபின்.

“அதை இதுல எழுத எடம் இல்லம்மா,” என்றார் மஞ்சுநாத். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனாலும் வாரியம் மனுவைத் தள்ளிவிடவில்லை. ஒரு நியாயமான கேள்வி மட்டும் கேட்டது. இந்தக் கை குணமாகுமா, ஆகாதா? ஆபரேஷன் செய்தால் ஓரளவு குணமாகும் என்றார் கிளெமென்ட். அப்படியானால் இது இயலாமையே இல்லை, நோய். சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியது என்றார் கோதண்டராமன். சிகிச்சைப் பிரிவு அதிகாரி சுப்ரமணியன், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே நோய் முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது இயலாமை, கோதண்டராமனிடம் போங்கள் என்றார்.

இதில் கிளெமென்ட்டுக்குப் பெரிய அலைச்சல் இல்லை. இரண்டு அதிகாரிகளும் ஒரே அறையில் அடுத்தடுத்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் சுப்ரமணியன் கொண்டுவரும் ஊறுகாயைக் கோதண்டராமன் கேட்காமலே எடுத்துக்கொள்வார். கிளெமென்ட்டின் ஃபைலும் அப்படிப் போயிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிற ஃபைல், ஊருக்கு வெளியே ஆனேக்கல்லில் இருக்கிற வாரியத்தின் பதிவு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஃபைல் ஆனேக்கல் போகும். அங்கே முத்திரை விழுவதற்குக் காத்திருக்கும். திரும்பி வந்து பக்கத்து மேஜையில் ஏறும். சுப்ரமணியன் ‘எமக்குரியதன்று’ என்று எழுதுவார். மறுபடி ஆனேக்கல் போகும். கிளெமென்ட் அந்த அறையின் பெஞ்சில் உட்கார்ந்து, கைநீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்த இரண்டு மேஜைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை இல்லாத மனிதருக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

டாக்டர் ரூபினி ஒருநாள் அவராகவே போன் செய்தார். “ஏம்மா, இன்னும் வரலியா? பாதி டைம் போயிடுச்சே. லேட் பண்ணாதீங்க.” ஜோசஃபின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “நாங்க லேட் பண்ணல டாக்டர்,” என்றாள்.

வாரிய வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற டொமினிக் அதே மாதா கோயில்காரர். அவர் ஜோசஃபினைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் இன்னாக்கா கலெக்டர் மாதிரி வர்றாரு? தாடி வுடச் சொல்லு. கசங்கின சட்டை போடு. கையில ஒரு அழுக்குத் துணி கட்டு. பாத்தா இவங்களுக்கே பாவமா இருக்கணும்.”

அன்றிரவு அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. மறுபடி வரச்சொன்ன நாள் காலையில், பழக்க தோஷத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்துவிட்டாள். பிறகு அதைக் கையில் எடுத்து, சுருட்டி, முறுக்கி, தரையில் போட்டு மிதித்தாள். அவரை நல்லபடியாக வெளியே அனுப்புவது ஒன்றுதான் தன் கையில் இருக்கிற காரியம் என்று அவள் நினைத்திருந்தாள். கிளெமென்ட் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையை நீட்டியதும் எழுந்து நின்றார், அவள் போட்டுவிட்டாள். பட்டனை மாற்றிப் போட வேண்டும் என்றும் டொமினிக் சொல்லியிருந்தார். அது மட்டும் அவளால் முடியவில்லை.

கோதண்டராமன் இந்தமுறை நீளமாக எழுதினார். ‘முன்பு தூய்மையாக வந்த மனுதாரர் இப்போது திடீரென அலங்கோலமாக வந்திருக்கிறார். சட்டையில் இஸ்திரி போட்டு அதன்மேல் கசக்கிய அடையாளம் உள்ளது. நடிப்பு என்று ஐயம் கொள்ள இடமிருப்பதால் கள ஆய்வு தேவை.’

வாரியத்தின் கூர்மையை இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. அறுந்த நரம்பு தெரியாத கண்ணுக்கு இஸ்திரி மடிப்பு தெரிந்திருக்கிறது.

கள ஆய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுன் வந்தார். வீடு பூட்டியிருந்ததால் விசாரித்துக்கொண்டு மாதா கோயிலுக்குள் போய், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பூசை முடிகிறவரை பொறுமையாக இருந்து, சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தபோது செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். மறுவாரம் கிளெமென்ட்டையும் ஜோசஃபினையும் வாரியத்துக்குக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். சுப்ரமணியன்கூட நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்.

திரையில் கிளெமென்ட்டின் வலது கை மெதுவாக எழுந்து நெற்றிக்குப் போயிற்று. நெஞ்சுக்கு வந்தது. இடது தோளைத் தொட்டது, வலது தோளைத் தொட்டது.

“நாலு திசையிலயும் போகுது,” என்றார் கோதண்டராமன். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“கை போகல சார்,” என்றாள் ஜோசஃபின். “இவர்தான் கையைத் தூக்கிட்டுப் போறாரு. இடது கையைப் பாருங்க. மணிக்கட்டைப் பிடிச்சிருக்காரு.”

“அதையும் ஆய்வாளர் கவனிச்சிருக்காரு. ‘இடது கை பக்தியினால் உடன் செல்கிறது’ன்னு எழுதியிருக்காரே. நாங்க எதையும் மறைக்கறதில்ல.”

“சார், வேணும்னா இப்பவே விட்டுக் காட்டச் சொல்லுங்க. விட்டா விழுந்துடும்.”

கிளெமென்ட் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு விட்டார். அது விழுந்து மேஜை விளிம்பில் மோதிற்று. அவருக்கு வலிக்கவில்லை. ஜோசஃபின்தான் “அம்மா!” என்றாள்.

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கீழ போடறது யாராலயும் முடியும் மிஸ்டர் கிளெமென்ட். நானே போடுவேன். தூக்கறதுதான் கேள்வி. இது மதச்சார்பில்லாத நிறுவனம். உங்க கை சாமிக்காகத் தூக்குதா, சம்பளத்துக்காகத் தூக்குதான்னு நாங்க பிரிச்சுப் பாக்க முடியாது. ஒரு நல்லெண்ணத்துல சொல்றேன். கொஞ்ச காலம் தூக்காம இருங்க. அடுத்த ஆய்வுல தூக்கலைன்னா, தூக்க முடியலைன்னு எழுதிடலாம்.”

“கோயில்லயும் தூக்கக் கூடாதா சார்?”

“கோயில்லதான முக்கியமா தூக்கறீங்க!”

அன்று முதல் கிளெமென்ட் சிலுவை போடுவதை நிறுத்தினார். பூசையில் எல்லார் கையும் எழும்போது அவருடைய இரண்டு கைகளும் மடியிலேயே இருக்கும். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லும்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். “இங்க யாருங்க பாக்கப் போறாங்க?” என்றாள் ஜோசஃபின். “இங்க தூக்கிப் பழகினா அங்கயும் தூக்கிடுவேன்,” என்றார். அவருடைய நேர்மையைப் பற்றி வாரியத்தின் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த ஆய்வுக்கு ஆய்வாளர் கிடைக்கவில்லை. அவருக்கு முதுகு வலி வந்து நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவருடைய விடுப்பு உடனே அனுமதிக்கப்பட்டது.

கெடு தாண்டிப் போன பிறகு டாக்டர் ரூபினி கையில் ஊசி குத்தி, மெஷினில் கோடுகளைப் பார்த்தார். கோடு எல்லாம் நேராக ஓடிற்று. அவர் மெஷினை அணைத்தார். கிளெமென்ட்தான் முதலில் பேசினார்.

“இனிமே வேணாம் இல்லையா டாக்டர்?”

“பிரயோஜனம் இல்ல சார். ஸாரி.” அவர் சர்டிபிகேட்டில் ‘நிரந்தரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த ஒரு வார்த்தை வந்ததும் வாரியம் இயங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நோயா இயலாமையா என்கிற குழப்பம் தீர்ந்தது. ஃபைல் ஆனேக்கல் போகாமலே ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தாண்டியது. மாத உதவித்தொகை அனுமதியாயிற்று. வாரியத்தின் ஆண்டு விழாவில் மேடையில் வைத்தே உத்தரவைக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஜோசஃபின் மறுபடி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

விழாவில் கோதண்டராமன் உருக்கமாகப் பேசினார்.

“தாமதம் தாமதம்னு நம்ம வாரியத்தைக் குறை சொல்றாங்க. இதோ கிளெமென்ட் இருக்காரு. இவருக்கு நாம அவசரப்பட்டு ஆரம்பத்துலயே அனுமதி குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆபரேஷன் நடந்திருக்கும். கை ஓரளவு வந்திருக்கும். அப்ப இவர் எந்தப் பக்கமும் சேராம நடுவுல நின்னிருப்பாரு. இன்னிக்கு இந்த மேடையில இவருக்கு எடம் இருந்திருக்குமா? பொறுமையா இருந்ததால இன்னிக்கு முழுத் தகுதியோட நிக்கறாரு!”

கூட்டம் கை தட்டியது. கிளெமென்ட்டுக்கும் தட்ட வேண்டும் போல இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் தட்ட முடியாது.

உத்தரவை அவர் இடது கையால் வாங்கப் போனார். போட்டோக்காரர், “சார், ரைட் ஹேண்ட், ரைட் ஹேண்ட்! இடது கையில வாங்கினா நல்லா இருக்காது,” என்று கத்தினார். கோதண்டராமன் சிரித்துக்கொண்டே கிளெமென்ட்டின் வலது கையைத் தன் கையாலேயே தூக்கி, விரல்களை விரித்து, உத்தரவை நடுவில் வைத்து மூடிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு கனம் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். படம் நன்றாக வந்திருக்கிறது. வாரிய முகப்பில் தங்கக் கைக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்களுக்குக் கிளெமென்ட் தன் வலது கையால் உத்தரவைப் பெற்றுக்கொள்வதாகத்தான் தெரியும். அடுத்த ஆய்வுக்குக் கிளம்புகிற ஆய்வாளர் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குள் போக வேண்டும்.

ஆம், அடுத்த ஆய்வு உண்டு. நிரந்தர இயலாமை நிரந்தரமாகவே இருக்கிறதா என்று வருஷா வருஷம் பார்ப்பார்கள். எந்த இடத்திலும், எந்த நாளிலும், முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது.

விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிவில் சாமியார் கையை உயர்த்தினார். கோயில் முழுக்கக் கைகள் எழுந்தன. ஜோசஃபின் கிளெமென்ட்டின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இப்பத்தான் எல்லாம் முடிஞ்சுதே. போடுங்க. நான் தூக்கறேன்.”

“வுடு ஜோசி,” என்றார் அவர் மெதுவாக. “யார்னா பாத்துடுவாங்க.”

கையை இழுத்துக்கொள்ள அவரால் முடியாது. அவளேதான் அதை அவர் மடியில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, கட்டை விரலால் அவர் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அம்மாமார் அப்படிப் போடுவார்கள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் போடுவதும் அப்படித்தான்.

கிளெமென்ட் திரும்பி, தூணுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அழுதார்.